பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது: பழைய வால்வு அம்பிளிபயர்களும் வீட்டுத் திருத்த வேலையும்

பழைய வால்வு ரேடியோக்களுக்கும் அம்பிளிபயர்களுக்கும் மீண்டும் மவுசு வந்திருக்கிறது. நாகூர் ஹனீபாவின் பாடலை இசைத்தட்டில் போட்டு, வால்வு அம்பிளிபயர் வழியாகக் கேட்டவர்கள் அந்த இதமான ஒலியை எளிதில் மறக்கமாட்டார்கள். பரணில் கிடந்த பெட்டியை இறக்கி, யூடியூப் பார்த்துத் தாமே திருத்தலாம் என்ற எண்ணம் இளைஞர்களுக்கு வருவது இயல்புதான். ஆர்வம் நல்லது. ஆனால் இந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஆபத்து, நாம் பழகிய மின்சார ஆபத்துகளிலிருந்து வேறுபட்டது. பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவர் என்ற வகையில் அதை எடுத்துச் சொல்வது கடமையென நினைக்கிறேன்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரிகளுக்கும் தடை. மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நம்மவர்கள் புத்தளம், கல்பிட்டி முகாம்களில் குப்பி விளக்கும் பற்றரி ரேடியோவுமாகக் காலம் தள்ளினார்கள். இரு பக்கத்தாருக்கும் அந்தக் காலம் ஒரு துணிவைக் கொடுத்தது. வயரைத் தொட்டுப் பார்ப்பது, முனைகளை உரசிப் பொறி பறக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அப்போது சாதாரணம். ஆனால் சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட். கார் பற்றரி 12 வோல்ட். வால்வு அம்பிளிபயருக்குள் ஓடுவது பெரும்பாலும் 250 முதல் 450 வோல்ட் வரையான நேரோட்ட மின்சாரம். 6 வோல்ட்டில் பழகிய கை 400 வோல்ட்டுக்கு உதவாது.

முதலாவது ஆபத்து, பிளக்கைக் கழற்றிய பின்பும் மின்சாரம் உள்ளே இருப்பது. கண்டென்சர் என்று நாம் சொல்லும் கொள்ளளவி மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும். 100 மைக்ரோபரட் கொள்ளளவியில் 400 வோல்ட் இருந்தால் அதிலுள்ள சக்தி 8 ஜூல். உயர்தர பௌதிகவியல் மாணவர்கள் இதை ஒரு வரியில் கணித்துக்கொள்ளலாம். வியர்வையால் நனைந்த கை வழியாக இது நெஞ்சைக் கடந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். சேமித்த மின்னேற்றத்தை மெல்ல வடியவிடும் தடையி சில பெட்டிகளில் இருக்கும். பலவற்றில் இருக்காது, அல்லது பழசாகி அறுந்திருக்கும்.

இரண்டாவது, "வீட்டில் ட்ரிப் சுவிச் இருக்கிறதே" என்ற நம்பிக்கை. மெயின் வயரில் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாதபோதுதான் ட்ரிப் சுவிச் விழும். அம்பிளிபயரின் உயர் வோல்ட் சுற்று ட்ரான்ஸ்போமருக்கு அப்பால் தனியாக இருக்கிறது. அங்கே ஒருவரின் உடல் வழியாக மின் பாய்ந்தாலும் மெயின் வயரில் அந்த வித்தியாசம் தெரியாது. ட்ரிப் சுவிச் அசையாமல் இருக்கும்.

மூன்றாவது, 'மேம்படுத்துகிறேன்' என்று செய்யும் மாற்றங்கள். ரெக்டிபயர் வால்வைக் கழற்றிவிட்டு சிலிக்கன் டயோட் போட்டால் வோல்ட்டளவு கூடும். மற்ற வால்வுகள் சூடாகும் முன்னரே முழு வோல்ட்டும் வந்து நிற்கும். பழைய கொள்ளளவிகள் அதைத் தாங்காமல் வெடிக்கலாம். எரிந்த பியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பி சுற்றினால் அடுத்து எரிவது ட்ரான்ஸ்போமர், அதன்பின் வீடு. ஸ்பீக்கர் இணைக்காமல் ஒலியைக் கூட்டிப் பார்ப்பதும் அவுட்புட் ட்ரான்ஸ்போமரைக் கெடுக்கும். இன்னொன்று, மெயின் ட்ரான்ஸ்போமரே இல்லாத பழைய ரேடியோக்கள். அவற்றில் உலோகச் சட்டம் மின்கம்பியுடன் நேரடியாக இணைந்திருக்கும். இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சட்டம் முழுவதிலும் 230 வோல்ட் வரும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளும் இதைக் கவனிக்க வேண்டும். இன்று பெரும்பாலும் டிரான்சிஸ்டர் அம்பிளிபயர்கள்தான் பாவனையில் உள்ளன. ஆனாலும் பல ஹோர்ன் ஸ்பீக்கர்களை ஒரே வயரில் இணைக்கும் முறையில், ஒலி உச்சத்தில் இருக்கும்போது அந்த வயரில் 100 வோல்ட் வரை வரலாம். பாங்குக்கு நேரமாகிவிட்டதென்று ஒரு சிறுவனை ஏணியில் ஏற்றி, அம்பிளிபயரை நிறுத்தாமல் வயரைப் பொருத்தச் சொல்வது தவறு. மின்தாக்கம் சிறிதாக இருந்தாலும் ஏணியிலிருந்து விழுவது சிறிதாக இருக்காது.

அப்படியானால் தொடவே கூடாதா? தொடலாம், முறையாகத் தொட வேண்டும். பிளக்கை முழுதாகக் கழற்றுங்கள். சுவிச்சை அணைப்பது போதாது. 10 கிலோ ஓம், 5 வாற் தடையி ஒன்றை நன்கு காப்பிட்ட வயரில் பொருத்தி, கொள்ளளவியின் இரு முனைகளிலும் வையுங்கள். முன்சொன்ன 100 மைக்ரோபரட்டுக்கு 5 செக்கனில் ஏறத்தாழ முழுவதும் வடிந்துவிடும். பெரிய கொள்ளளவிக்கு அதற்கேற்ப நேரம் கூடும். பிறகு மல்டிமீற்றரால் ஒவ்வொரு கொள்ளளவியையும் அளவுங்கள். சற்றுப் பொறுத்து மீண்டும் அளவுங்கள், ஏனெனில் வடிந்த கொள்ளளவியிலும் கொஞ்சம் வோல்ட் திரும்ப ஏறலாம். ஸ்குரூ ட்ரைவரால் குறுக்கே தொட்டுப் பொறி பறக்கவிடும் பழைய வழக்கம் வேண்டாம்.

பல ஆண்டு கிடந்த பெட்டியை முதல் முறை இயக்கும்போது 60 வாற் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணையுங்கள். உள்ளே பழுது இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும், பெட்டி எரியாது. இயங்கும் பெட்டியில் அளக்க நேர்ந்தால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வையுங்கள். காலில் செருப்பு இருக்கட்டும், தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். சிறு பிள்ளைகள் இருக்கும் அறையில் இந்த வேலை வேண்டாம். தனியாகவும் செய்ய வேண்டாம். அருகில் இருப்பவருக்கு மெயின் சுவிச் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மின் அடித்தால் அவரைப் பிடித்து இழுக்காமல் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, சுவசெரிய அம்புலன்ஸை 1990 என்ற இலக்கத்தில் அழைக்க வேண்டும்.

மல்டிமீற்றர் இல்லை, அல்லது அது காட்டும் எண்ணின் பொருள் தெரியாது என்றால், அந்தப் பெட்டியின் மூடியைத் திறக்காமல் அனுபவமுள்ள திருத்துநரிடம் கொடுப்பதே அறிவு. கூலி சில ஆயிரம் ரூபா போகலாம். வாப்பா பாட்டுக் கேட்ட பெட்டியைப் பிள்ளையும் பாதுகாப்பாகக் கேட்க அதைச் செலவழிக்கலாம்.