வளவுக்கும் நெற்களஞ்சியத்திற்கும் அசைவுணர் விளக்கு

வாழைச்சேனைப் பகுதியில் பெரும்போக அறுவடை முடிந்து நெல்மூடைகள் வீடு வந்து சேரும் மாசி, பங்குனி மாதங்களே வளவுக் காவல் மிகவும் வேண்டப்படும் காலமாகும். ஒரு போகத்து உழைப்பு முழுவதும் ஓர் அறைக்குள் அடங்கியிருக்கும் நாட்கள் அவை. நீர்ப்பம்பி, மருந்து தெளிகருவி, உரமூடை, கால்நடை ஆகியனவும் வீட்டைச் சுற்றியே இருக்கின்றன. இவற்றுக்குக் காவலாக விடியும்வரை விளக்கெரிப்பது பலரின் வழக்கம். இதற்குப் பதிலாக, ஆள் அசைவு கண்டபோது மட்டும் தானாகவே எரியும் விளக்கைப் பொருத்துவது நன்று. கடைகளில் இதனைச் சென்சர் லைட் என்பர்.

இயங்கும் முறை

மனிதர், மாடு, யானை முதலிய வெப்பமுள்ள உடல்கள் யாவும் கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிர்களை வெளிவிடுகின்றன. கருவியின் முகப்பிலுள்ள வெண்ணிற வில்லை இக்கதிர்களைத் திரட்டி உள்ளேயுள்ள உணரியின்மேல் விழச் செய்கிறது. அதன் பார்வைப் பரப்பை ஓர் உடல் கடக்கும்போது கதிரின் அளவு மாறும். அம்மாற்றமே விளக்கை ஏற்றுகிறது. ஆகவே விளக்கை நோக்கி நேரே வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை அது விரைவில் அறியும்.

பாம்பின் உடல் பெரும்பாலும் சுற்றுப்புற வெப்பநிலையையே கொண்டிருப்பதால், அதனை இக்கருவி உணருமென நம்பலாகாது. எனினும், இரவில் கிணற்றடிக்கோ மாட்டுத் தொழுவத்திற்கோ செல்பவரின் அசைவினால் விளக்கு எரிவதால், வழியிற் கிடக்கும் விரியனைக் கண்டு விலகிக்கொள்ளலாம். கச்சான் காற்று வீசும் வெப்பமான நாட்களில் உடலுக்கும் சூழலுக்கும் இடையிலுள்ள வெப்ப வேறுபாடு குறைவதால், கருவி எட்டும் தூரமும் சற்றுக் குறையும்.

செலவும் சேமிப்பும்

60 வாற்று இழைக்குமிழ் இரவொன்றுக்கு 12 மணிநேரம் எரிந்தால் 30 நாட்களில் 21.6 அலகு மின்சாரம் செலவாகும். 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் அவ்வாறே எரிந்தால் 3.24 அலகு போதும். அதே குமிழ் அசைவுணரியின் உதவியுடன் இரவுக்கு ஒரு மணிநேரமே எரியுமாயின் 0.27 அலகு செலவாகும். உணரி அரை வாற்று எடுப்பதாகக் கொண்டால் அதற்கென 0.36 அலகு சேரும். ஆகவே பெருஞ் சேமிப்பு குமிழை மாற்றுவதனாலேயே கிடைக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். களத்திற்கு 50 வாற்று ஒளிவீச்சு விளக்கு வைத்திருப்போருக்கு அசைவுணரியால் வரும் பயன் மிகுதி. 18 அலகு செலவாகும் இடத்தில் ஏறத்தாழ 2 அலகே ஆகும்.

பொருத்தும் முறை

1. நிலத்திலிருந்து 2 முதல் 3 மீற்றர் உயரத்தில், படலையிலிருந்து களஞ்சியத்திற்கு வரும் வழியைக் குறுக்காக நோக்குமாறு பொருத்துக.

2. வாழையிலை, தென்னோலை ஆகியன அசையும் திசையையும், அடுப்படியையும் நோக்க வைத்தல் ஆகாது. வீணாக விளக்கு எரியும்.

3. எரியும் நேரத்தை ஒரு நிமிடமளவில் வைக்க. இருட்டிய பின்னரே இயங்குமாறு ஒளியளவுத் திருகியைச் சரிசெய்க.

4. வாவிக் காற்றின் உப்பும் மாரி மழையும் மின்னிணைப்பைக் கெடுக்கும். நீர் புகாத பெட்டியுள்ள கருவியையே வாங்குக. வில்லையை மாதமொருமுறை மென்துணியால் துடைக்க.

5. மின்னிணைப்பைத் தகுதிபெற்ற மின்வினைஞரே செய்தல் வேண்டும். வீட்டில் ட்ரிப் சுவிச் செவ்வனே இயங்குகின்றதா எனவும் பார்ப்பித்துக்கொள்க.

மின்சாரம் எட்டாத வாடிகளுக்குச் சூரிய ஒளியால் மின்னேற்றப்படும் விளக்கு ஏற்றது. ஆயினும் கார்த்திகை முதல் தை வரையுள்ள மழை நாட்களில் மின்னேற்றம் குறையுமாதலால் கைவிளக்கொன்றும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

யானை நடமாடும் இடங்களில்

கிரான், வாகரைப் பக்கங்களில் சேமித்த நெல்லை நாடி யானை வளவுக்குள் வருவதுண்டு. விளக்கு யானையைத் துரத்திவிடும் என்று நம்பியிருத்தல் தவறு. நாளடைவில் யானை ஒளிக்குப் பழகிவிடும். விளக்கின் பயன், யானை நிற்பதை அறியாமல் இருளில் அதன் முன் சென்று அகப்படாதிருப்பதே. விளக்கு எரிந்தவுடன் கதவைத் திறவாது, சாளரத்தினூடாகப் பார்த்த பின்னரே வெளிவருதல் வேண்டும்.

வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் இணைப்பது ஒருபோதும் கூடாது. அது சட்டவிரோதம், யானையை மட்டுமன்றி, விடியற்காலையில் வரம்பில் நடக்கும் அயலவரையும் வீட்டுப் பிள்ளையையும் கொல்லும். 2022, 2023 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் இலங்கையில் 400-க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. அவற்றுட் பல இவ்வாறான மின்சாரம் தாக்கியே மாண்டன.

வயலோர விளக்கு

வயலுக்கு அண்மையில் இரவு முழுவதும் எரியும் விளக்கு தண்டுதுளைப்பான் அந்துப்பூச்சியையும் கபிலத் தத்தியையும் கவர்ந்திழுக்கும். பகல் குறுகும் காலத்தை அறிந்து பூக்கும் பழைய நெல்லினங்களில், விளக்கருகே நிற்கும் பயிர் கதிர் தள்ளப் பிந்துவதும் உண்டு. வேண்டியபோது மட்டும் எரியும் விளக்கினால் இத்தீமைகள் பெரிதும் குறையும்.

நெல் வீடு வந்து சேருமுன்னரே விளக்கைப் பொருத்தி, இரவில் வளவைக் குறுக்கே நடந்து சோதித்துப் பார்த்துக்கொள்க. படலை, களஞ்சியம், கிணற்றடி ஆகிய மூன்றிடங்களில் முதலிற் பொருத்துவது போதுமானது.