லேசரில் குப்பை மலை அளக்கும்போது காக்காவும் கணக்கில் சேருமா?

ரெட்டியார்பாளையம்:
புதுவை நகர குப்பை பல ஆண்டுகளாக குருமாம்பேட் கிடங்கில் மலையாக குவிந்தது. இப்படிப்பட்ட பழைய குப்பையை அகற்றும்போது எத்தனை கனமீட்டர் என்று அளக்க வேண்டும். இதற்கு லேசர் கருவியும் உண்டு.

ஒளி பட்ட இடத்தையெல்லாம் கருவி புள்ளியாக பதியும். காக்கா, புகை, முட்செடி, நிற்கிற ஜே.சி.பி. எதையும் விடாது. அப்படியே கணக்கு போட்டால் குப்பை 'வீங்கி'விடும்.

அந்தரத்தில் தொங்கும் புள்ளிகளை கம்ப்யூட்டரே நீக்கும். செடி, வண்டியை நீக்கும்போது ஆள் உட்கார்ந்து சரிபார்க்கணும். கண்ணை மூடிக்கொண்டு அழித்தால் குவியலின் உச்சியும் போய், அளவு குறையும்.

ஒரு ஏக்கர் முழுக்க அரை மீட்டர் செடியையும் குப்பையாக எண்ணினால் சுமார் 2 ஆயிரம் கனமீட்டர் கூடுதல். 10 கனமீட்டர் டிப்பரில் 200 லோடு! கனமீட்டருக்கு இவ்வளவு என்று கான்டிராக்ட் இருந்தால், இல்லாத குப்பைக்கு போவது நம்ம வரிப்பணம்தான்.