ஆகாய விமான யந்திரமும் முலாம் மறைத்த பழுதும்

ஆகாய விமானம் ஒன்று விபத்துக்குள்ளாயிற்றென்று கேட்டமாத்திரத்தில், புயலையோ விமானியின் கவனக்குறைவையோ நாம் காரணமாகக் கருதுகின்றோம். விமானம் புறப்படுவதற்குச் சில ஆண்டுகட்கு முன்னரே, தொலைவிலுள்ள ஒரு பட்டறையில் அவ்விபத்திற்கு வித்தூன்றப்பட்டிருத்தலுங் கூடும்.

1995-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள், அமெரிக்காவில் அட்லாண்டா நகரில், டி.சி.9 வகை விமானம் ஒன்று 62 பேருடன் ஓடுபாதையில் விரைந்துகொண்டிருந்தது. அவ்வமயம் அதன் வலப்புற யந்திரம் வெடித்துச் சிதறிற்று. துண்டுகள் விமானத்தின் உடலைத் துளைத்து, எண்ணெய்க் குழாயையும் அறுத்தன. உள்ளே தீ மூண்டது. விமானி உடனே ஓட்டத்தை நிறுத்தினமையால் ஒருவரும் மாண்டிலர். பணிப்பெண் ஒருவர் படுகாயமுற்றார்.

நிகழ்ந்தது யாதெனில், யந்திரத்தினுள் காற்றை அமுக்குதற்கென அலகுகள் பொருத்திய தட்டுகள் வரிசையாக உள்ளன. நிமிஷத்திற்குப் பல்லாயிரஞ் சுற்றுச் சுழலுங்கால், அலகுகளெல்லாம் வெளிநோக்கி இழுக்க, தட்டே அவற்றைப் பற்றி நிற்கின்றது. அலகொன்று முறியின் யந்திரத்தின் உறை அதனைத் தடுத்து நிறுத்தும். தட்டே பிளப்பின் அவ்வுறையால் தடுத்தல் இயலாது.

அன்று பிளந்தது ஏழாம் வரிசைத் தட்டு. 1991-இல் அது துருக்கி நாட்டில் பழுதுபார்க்கப்பட்டு, துருப் பிடியாதிருக்கப் புது முலாமும் பூசப்பெற்றது. அதன் துவாரமொன்றில் துரு அரித்த குழிகள் இருந்தன. வெடிப்பு அங்கேதான் தொடங்கிற்று. பின்னர் ஆராய்ந்தோர் அக்குழிகளினுள்ளும் முலாம் படிந்திருக்கக் கண்டனர். எனவே, முலாம் பூசிய அன்றே குழிகள் இருந்தன என்பது வெளியாயிற்று. நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுபவனும் முதலில் அதனை நன்கு தேய்த்துப் பார்த்த பின்னரன்றோ பூசுகின்றான்? எஃகு உறுப்புகட்கோ காந்தச் சோதனையென ஒன்றுண்டு: உறுப்பைக் காந்தமாக்கி நுண்ணிய இரும்புப் பொடியைப் பரப்பின், வெடிப்புள்ள இடத்தில் பொடி கோடுபோலத் திரளும். அத்தட்டிலிருந்த வெடிப்பு கண்டுபிடிக்கக் கூடியதே. முறைப்படி சோதியாமையாலேயே அது வளர்ந்து தட்டைப் பிளந்தது என்பது விசாரணையின் முடிபு. பழைய உறுப்பின்மேல் பளபளக்கும் புது முலாம் பார்ப்போரை எளிதில் ஏமாற்றிவிடுகின்றது.

பழுதுபார்த்தலே பழுதை மறைத்ததும் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டு 21-இல், அட்லாண்டாவினின்று 29 பேருடன் சென்ற சிறு விமானமொன்றின் சுழல்விசிறி அலகு ஆகாயத்திலேயே முறிந்தது. அவ்வலகின் உட்டுளையை முந்திய ஆண்டு பட்டறையிற் சோதித்தபொழுது, துரு காணப்படாதிருந்தும் உட்புறத்தைத் தேய்த்து விட்டிருந்தனர். அத்தேய்ப்பின் தடங்கள் உள்ளிருந்த வெடிப்பின் குறியை மறைத்துவிட, அலகு மீண்டும் விமானத்திற் பொருத்தப்பட்டது. விமானம் கரோல்டன் என்னும் ஊருக்கருகே வயலொன்றில் வீழ்ந்தது. காயத்தாற் பின்னர் இறந்தோரையுங் கூட்டி, விமானத் தலைவர் உட்பட ஒன்பதின்மர் உயிரிழந்தனர்.