வயலை மேடாக்கி வீடு கட்டினால் மண்ணுக்கடியில் கிடக்கும் நஞ்சு அடங்கிவிடுமா?

குடவாசலில் ஒரு மனை பார்க்கிறீர்கள். பட்டா சரி, வில்லங்கமும் இல்லை. அடியில் ரசாயனக் கழிவு கிடந்தால்? மேலே சிமென்ட் தளம் போட்டால் தீராதா?

தீராது. ஃபில்டர் காபியைக் கவனியுங்கள்: தூள் மேலேயே தங்கும், ஊற்றிய வெந்நீர் சாரத்தைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். கழிவின் மேல் பெய்யும் மழையும் அதையே செய்கிறது.

ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை 1990களில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு அங்கேயே கிடந்தது. ஆலைதான் நின்றது, மழை நிற்கவில்லை. கரையும் வகைக் குரோமியம் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்தது.

சில ரசாயனங்கள் ஆவியாகி மேலேறும், தரை விரிசல் வழியே அறைக்குள் வரும். அமெரிக்காவின் லவ் கால்வாயில் கழிவை மண்ணால் மூடினார்கள். பள்ளியும் வீடுகளும் எழுந்தன. 1978இல் குடும்பங்களை வெளியேற்ற நேர்ந்தது.

வழக்கமான மண் பரிசோதனை கட்டடத்தைத் தாங்குமா என்றே பார்க்கும். ரசாயனச் சோதனையைத் தனியாகக் கேட்க வேண்டும். மேடாக்கிய மண் எங்கிருந்து வந்தது என்றும்.