உலகச் சமயங்களை இளங்கலைப் பாடமாகப் பயிலல்: குளுவாங் மாணவரை முன்வைத்துச் சில விளக்கங்கள்

குளுவாங் 1915ஆம் ஆண்டில் மத்திய ஜொகூரின் நிர்வாக மையமாக அமைக்கப்பட்ட நகரம். இருப்புப்பாதையும் ரப்பர்த் தோட்டங்களும் அதனை வளர்த்தன. பின்னர்ச் செம்பனை வந்தது. தோட்டங்களில் மாரியம்மனையும் முனீசுவரரையும் வழிபட்டு வந்த தமிழர், நகருக்குக் குடிபெயர்ந்தபோது தம் தெய்வங்களையும் உடன் கொணர்ந்தனர். இன்று அவ்வூரில் பள்ளிவாசல், சுப்பிரமணியர் ஆலயம், தூய லூயிஸ் கத்தோலிக்க ஆலயம், சீக்கியரின் குருத்துவாரா, சீனக் கோயில்கள் ஆகிய யாவும் உள்ளன. ஆயினும் அங்குப் பயிலும் மாணவர், பள்ளிக் கால அட்டவணையில் சமயம் பற்றிய பாடவேளை வந்ததும் பிரிந்துவிடுகின்றனர். இசுலாமிய மாணவர் இசுலாமியக் கல்விக்கும் ஏனையோர் நன்னெறிக்கல்விக்கும் செல்வர். ஒரே மேசையில் கணிதம் பயின்ற இருவர், அடுத்தவர் எதை நம்புகிறார் என்பதைப் பள்ளியில் முறையாகக் கேட்டறியும் வாய்ப்பு அரிது. இம்முறையின் நிறைகுறைகளை ஆராய்வது ஈண்டு எமது நோக்கமன்று. அவ்வாய்ப்பு பல்கலைக்கழகத்தில் எவ்வடிவில் கிட்டும் என்பதையே விளக்க முற்படுகிறோம்.

ஆறாம் படிவம் முடித்த குளுவாங் மாணவி ஒருவர், உலகச் சமயங்களை முதன்மைப் பாடமாகப் படிக்கலாமா என எம்மை வினவினார். அவருடைய பாட்டி, "நம்ம சாமியை விட்டுட்டுப் போயிடுவியாம்மா?" என்று அஞ்சினாராம். தந்தையாரின் அச்சம் வேறு: "அதைப் படிச்சா என்ன வேலை கெடைக்கும்?" இவ்விரண்டு வினாக்களையும் தமிழாசிரியர் பலர் எதிர்கொண்டிருப்பர். பாட்டியின் வினாவே கடினமானது என்பதால் அதனை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

சமயக் கல்வியும் சமயவியலும்

ஒரு சமயத்தை நம்புவோருக்கு அதனைப் போதிப்பது சமயக் கல்வி. சமயங்களைப் பற்றி, அவற்றை நம்புவோரும் நம்பாதோரும் ஒருங்கிருந்து கற்பது சமயவியல். 1870இல் மாக்ஸ் முல்லர் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகள் இத்துறைக்கு வித்திட்டன என்பர். எனினும் அது பல்கலைக்கழகங்களில் தனித்துறையாகப் பரவியது 1960களில்தான். அமெரிக்க உச்சநீதிமன்றம் 1963இல் அரசுப் பள்ளிகளில் விவிலியத்தை வழிபாடாக ஓதுவதைத் தடைசெய்தது. சமயங்களைப் பற்றிக் கற்பிப்பதற்குத் தடையில்லை என்பதையும் அத்தீர்ப்பிலேயே தெளிவுபடுத்தியது. 1967இல் நினியன் ஸ்மார்ட் இங்கிலாந்தின் இலாங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயவியல் துறையைத் தோற்றுவித்தார். அதே ஆண்டில் பட்டியாலாவிலுள்ள பஞ்சாபிப் பல்கலைக்கழகத்தில் குரு கோவிந்த சிங் பெயரில் சமயவியல் துறை தொடங்கப்பெற்றது.

இவ்வேறுபாடு மங்கினால் நேர்வதை அண்டை நாடு உணர்த்தியது. சிங்கப்பூர் 1984இல் உயர்நிலை மாணவர்க்குச் சமய அறிவுப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. மாணவர் பெரும்பாலும் தத்தம் சமயத்தையே தேர்ந்தெடுத்தனர். சமயப் பற்றும் மதமாற்ற முனைப்பும் மிகுந்து வருவதாக ஆய்வாளர் சுட்டியதை அடுத்து, 1989இல் அக்கட்டாயத்தைக் கைவிட அரசு முடிவு செய்தது. ஒவ்வொருவரும் தம் சமயத்தையே கற்கும் ஏற்பாட்டைப் பல சமயக் கல்வி எனல் பொருந்தாது என்பதே எமது துணிபு.

கற்பது என்ன?

ஸ்மார்ட் சமயத்தை ஏழு கூறுகளாக நோக்கினார்: சடங்கு, அனுபவம், கதைமரபு, கோட்பாடு, அறநெறி, சமுதாய அமைப்பு, பொருள்வடிவம் என்பன அவை. நூலில் உள்ளதை மட்டும் சமயம் எனக் கொள்ளாதிருக்க இப்பகுப்பு உதவும். தைப்பூசக் காவடியை எடுத்துக்கொள்வோம். விரதமும் அலகும் சடங்கு. இடும்பன் இரு மலைகளைச் சுமந்து வந்தது கதைமரபு. மலநீக்கமும் திருவருளும் சைவசித்தாந்தக் கோட்பாடு. உறுமிமேளக் குழுவும் ஆலய நிர்வாகமும் சமுதாய அமைப்பு. வேலும் மயிற்பீலியும் பொருள்வடிவம். 'முருகன் வரம் அருளுவானா?' என்பதற்கு விடையிறுப்பது மாணவர் பணியன்று. அத்தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு, காவடி சுமப்பவருக்கு அது யாதாக உள்ளது என்பதை அறிவதே பணி. ஒத்திவைத்தல் வேறு, மறுத்தல் வேறு. பாட்டியின் அச்சத்திற்கு இதுவே எமது முதல் விடை.

நூலறிவு மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்றுண்டு. மரத்தடியிலும் கடையோரத்திலும் சீனர் அமைத்துள்ள 'டத்தோ கோங்' சிறுகோயில்களை எல்லாரும் கண்டிருப்பர். ஆங்கு உறையும் காவல் தெய்வம் பெரும்பாலும் மலாய்க்காரராகவே கருதப்படுகிறது. உருவத்திற்குச் சொங்கோக் அணிவிப்பதும் உண்டு. வெற்றிலையும் புகையிலையும் படைத்துச் சாம்பிராணி இடுவர்; பன்றி இறைச்சியை மட்டும் விலக்குவர். வழிபடுவோர் சீனர், வழிபடப்படுபவர் மலாய்க்காரர், இலக்கணப்படியான இசுலாம் இவ்வழிபாட்டை ஏற்பதில்லை. இது எச்சமயம்? தோட்டத்து முனீசுவரரை அறிந்த தமிழ் மாணவர்க்கு இவ்வினா சட்டென விளங்கும். சமயங்களைத் தனித்தனிப் பெட்டிகளாகக் காட்டும் பாடநூல் இதற்கு முன் தடுமாறும்.

இவ்விடத்து ஒரு தடையையும் சொல்லியாக வேண்டும். நம் மேடைகளில் 'எல்லாச் சமயமும் ஒன்றே சொல்கிறது' என்னும் கூற்று அடிக்கடி ஒலிக்கிறது. நல்லெண்ணத்தில் பிறந்த கூற்றே. ஆயினும் ஆய்வுக்கு அது உதவாது. உயிர் நிலையானது என்பர் சைவர்; அப்படி ஒன்றில்லை என்பர் பௌத்தர். இறைவன் மனிதனாய் வந்தான் என்பர் கிறித்தவர். இசுலாமியர் அதனை மறுப்பர். இவ்வேறுபாடுகளுக்காக நூற்றாண்டுகள் வாதிட்டவர்களிடம் 'நீங்கள் ஒன்றையே சொன்னீர்கள்' என்றால், அவர்களுள் எவரையும் நாம் செவிமடுக்கவில்லை என்றே பொருள்.

தமிழில் உள்ள முன்னோடி

செவிமடுத்தல் தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் 27ஆம் காதையில், மாதவன் வடிவில் வஞ்சி நகருட் புகும் மணிமேகலை, அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பத்துச் சமயக்கணக்கர்தம் கொள்கைகளைக் கேட்கிறாள். அவர்களுள் பெரும்பாலோரை அவள் இடைமறிப்பதில்லை. பூதவாதியிடம் மட்டும் நகைத்து வாதிடுகிறாள். இப்பகுதியைச் சமயவியலின் முன்மாதிரி எனப் புகழ்வோர் உளர். நாம் அவ்வளவு தூரம் செல்லோம். காப்பியம் பௌத்தத்தின் வெற்றியை நோக்கியே நகர்கிறது. பிற சமயங்கள் கடந்து செல்லும் படிகளாகவே அமைகின்றன.

எமது நோக்கில் உண்மையான முன்னோடி, அந்நூலை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரான அவர், சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினார். சைவ மரபில் தோய்ந்த அவருக்குச் சொற்கள் தெரிந்தன. அவை சுட்டும் உலகம் தெரியவில்லை. ஆதலின் அவ்வூரிலிருந்த சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். தாம் இலக்கியமாக மட்டும் கருதிய நூலை அவர்கள் பாராயண நூலாகப் போற்றுவதைக் கண்டார். ஐயங்களை அவர்களிடமே கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. மணிமேகலைக்கோ கேட்டுத் தெளியத் தமிழ்ப் பௌத்தர் அருகில் இல்லை. ஆங்கில நூல்களைக் கற்ற பேராசிரியர் ரங்காசாரியாரின் துணையால் பௌத்தக் கருத்துகளை அறிந்து, புத்தர் வரலாறு, தருமம், சங்கம் பற்றிய விளக்கங்களையும் எழுதிச் சேர்த்து 1898இல் பதிப்பித்தார். அவர் சமணராகவுமில்லை, பௌத்தராகவுமில்லை. தம் சமயத்தை விட்டுவிடாமலே பிறர் சமயத்தை அவர்கள் ஒப்பும் வண்ணம் எடுத்துரைத்தார். பாட்டிக்கு நாம் கூறக்கூடிய இரண்டாவது விடை இது.

நம் பல்கலைக்கழக வரலாற்றிலும் ஒருவரைச் சுட்டலாம். 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்ற தனிநாயகம் அடிகளார் கத்தோலிக்கக் குரு. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற முன்னின்றவரும் அவரே.

எங்குப் பயில்வது?

எச்சமயச் சார்புமின்றிச் 'சமயவியல்' என்ற பெயரிலேயே இளங்கலைத் துறை நம் பொதுப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றவில்லை. மலேசிய அனைத்துலக இசுலாமியப் பல்கலைக்கழகத்தில் சமய ஒப்பாய்வு கற்பிக்கப்படுகிறது. அது இசுலாமிய இறையியலோடு இணைந்தது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் இந்தியப் பண்பாட்டின் ஒரு கூறாகச் சமயம் இடம்பெறும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவசித்தாந்தம், வைணவம், சமணம், கிறித்தவம், இசுலாம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆழமானதே, ஆயினும் அனைத்தையும் ஒருசேர நோக்கும் இளங்கலையன்று. தமிழ்வழியில் இதற்கு மிக அணுக்கமான ஏற்பாடு இலங்கையினுடையது. அங்கு இந்து, பௌத்த, கிறித்தவ, இசுலாமிய நாகரிகங்கள் உயர்தரத் தேர்வுப் பாடங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இந்து நாகரிகத்துடன் கிறித்தவ, இசுலாமிய நாகரிகங்களும் பட்டப்படிப்புப் பாடங்களாயின. 'நாகரிகம்' என்னும் சொல் நம்பிக்கையினின்று சற்றே விலகி நின்று வரலாறு, கலை, சமுதாயம் ஆகியவற்றோடு சமயத்தைக் காண வழிசெய்கிறது.

தந்தையாரின் வினாவுக்கு வருவோம். இப்பட்டம் நேரடியாக ஒரு பணிக்கு இட்டுச்செல்வதன்று. அதனை மறைத்தல் முறையன்று. ஆசிரியப் பணி, இதழியல், அரசுப் பணி, ஆலோசனைப் பணி ஆகியவற்றுக்குக் கூடுதல் தகுதியோடு சேர்ந்தே அது பயன்படும். ஆகவே இந்திய ஆய்வியலையோ வரலாற்றையோ முதன்மையாகக் கொண்டு, சமயப் பாடங்களை உடன் எடுத்து, மொழியொன்றையும் கற்குமாறு அம்மாணவிக்கு எழுதினோம். மூலமொழி தெரியாத சமயவியல் மொழிபெயர்ப்பாளரின் தயவில் வாழ்வது.

இங்கே தமிழ் மாணவர்க்கு ஒரு பெரும்பேறு உண்டு. தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் சிந்தாமணியும் மணிமேகலையும் தேம்பாவணியும் சீறாப்புராணமும் ஒரே மொழியில் உள்ளன. ஆறு சமய மரபுகளை இடையீடின்றி மூலத்திலேயே படிக்க இயலும். ஆனால் வகுப்பறையில் சிந்தாமணியின் உவமை நயத்தை வியந்துவிட்டுச் சீவகன் ஏன் துறந்தான் என்பதை இரண்டு வரிகளில் கடந்துவிடுகிறோம்; சீறாவில் நபிகளாரின் வாழ்வை விடுத்துத் தமிழ்நில வருணனையை மட்டும் பாராட்டுகிறோம். இது எம்மையும் உள்ளிட்ட ஆசிரியர்களின் குறை.

விண்ணப்பம் செய்வதற்கு முன், பிறர் சமயச் செயல் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அதை நம்புபவரிடமே காட்டித் திருத்தி வருமாறு அம்மாணவியிடம் கூறினோம். அண்டை வீட்டுத் தமிழ் முசுலிம் பெரியவரின் ரமலான் நோன்பைப் பற்றி எழுதினார். பெரியவர் ஈரிடங்களில் திருத்தினார். புலால் விலக்கும் விரதம் போன்றது என அவர் எழுதியிருந்தார். உணவின் வகையன்று, வைகறை முதல் அந்தி வரை நீரும் அருந்தாமையே நோன்பு, அதற்கு 'நிய்யத்து' எனும் மனவுறுதி முற்பட வேண்டும் என்று பெரியவர் விளக்கினார். வேண்டுதல் நிறைவேறியதற்காக நோற்பதாகவும் எழுதியிருந்தார். நேர்த்திக்கடனன்று, கடமை என்றார் பெரியவர். தம் வீட்டு வழக்கத்தைக் கொண்டே அடுத்த வீட்டைப் பார்த்திருந்ததை மாணவி அப்பொழுதுதான் உணர்ந்தார். அவர் திருத்தி அனுப்பிய படியுடன் நாம் கேட்காத இன்னொரு பக்கமும் இருந்தது. காவடிக்கு முன் எத்தனை நாள் விரதம், எதற்காக, யாருக்காக என்று அவர் தம் பாட்டியிடம் முதன்முறையாகக் கேட்டு எழுதியது அது.