உடம்பு இளைச்சாச்சு... தொங்குற தோலை என்ன பண்றது? ஆபரேசனுக்கு ஓடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

கண்டமங்கலம்-

110, 120 கிலோ இருந்தவர் 65 கிலோவுக்கு வந்து விட்டால் ஊரே வாயை பிளக்கும். "ஆளே மாறிட்டியேப்பா" என்பார்கள். சட்டையை கழற்றினால் தான் அவர் படும் பாடு தெரியும். வயிற்றுத்தோல் பை மாதிரி தொடை மேல் தொங்கும். கையை தூக்கினால் அக்குள் பக்கம் சதை ஆடும். கொழுப்பு கரைந்து போச்சு, தோல் போகவில்லை.

சர்க்கரை, மூட்டுவலிக்கு பயந்து பட்டினி கிடந்து இளைத்தவர்களுக்கும், இரைப்பையை சுருக்கும் ஆபரேசன் செய்து கொண்டவர்களுக்கும் இதே கதை தான். காரணம் சாதாரணமானது. தோலுக்குள் ரப்பர் போன்ற நார்கள் இருக்கின்றன. பல வருடம் இழுபட்டு தளர்ந்து போன எலாஸ்டிக், மறுபடி பழைய அளவுக்கு வருமா? அது போலத்தான் இதுவும். உடற்பயிற்சி செய்தால் தசை இறுகும், தோல் இறுகாது. டி.வி.யில் விளம்பரம் செய்யும் பெல்ட், கிரீம் எல்லாம் காசுக்கு கேடு.

அழகு பிரச்சினை மட்டுமா?

"வயசான காலத்துல அழகு எதுக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். ஆனால் சித்திரை வெயிலில் வயல் வேலைக்கோ, கட்டிட வேலைக்கோ போகும் ஒருவருக்கு, தொங்கும் தோலின் அடி மடிப்பில் வியர்வை தேங்கி நிற்கும். அங்கே காளான் கிருமி வளரும். அரிப்பு, நாற்றம், அப்புறம் புண். சர்க்கரை நோயாளி என்றால் அந்த புண் லேசில் ஆறாது. குனிந்து நிமிர முடியாது, முதுகு வலிக்கும். மருந்து போட்டும் புண் திரும்ப திரும்ப வந்தால் அது அழகு சமாச்சாரம் இல்லை, வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் தான் அதிகம்.

என்ன செய்கிறார்கள்?

அடிவயிற்றில் ஒரு இடுப்பில் இருந்து மறு இடுப்பு வரை கீறி, தொங்கும் தோலையும் அதன் அடியில் உள்ள கொழுப்பையும் வெட்டி எடுக்கிறார்கள். தளர்ந்து விலகிய வயிற்றுத்தசையை இழுத்து தைக்கிறார்கள். தொப்புளை அதன் வேரோடு அப்படியே விட்டு விட்டு, மேலே இழுத்த தோலில் புதிதாக ஓட்டை போட்டு வெளியே எடுப்பார்கள். மயக்க மருந்து கொடுத்து சில மணி நேரம் நடக்கும் பெரிய ஆபரேசன் இது. அமெரிக்காவில் 1899-ம் ஆண்டிலேயே இது போல தொங்கும் வயிற்றை வெட்டி எடுத்து இருக்கிறார்கள். நம்ம ஊருக்கு பெயர் தான் புதுசு.

கை, தொடை, மார்புக்கும் தனித்தனி ஆபரேசன் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்து விடலாம் என்று யாராவது சொன்னால் உஷாராக வேண்டும். தழும்பு வாழ்நாள் முழுக்க இருக்கும். உள்ளாடைக்குள் மறையும்படி தான் கீறுவார்கள், ஆனாலும் தழும்பு தழும்பு தான்.

ஆபரேசன் முடிந்ததும் ரத்தமும் நீரும் வடிய சில நாட்களுக்கு டியூப் இருக்கும். பல வாரம் இறுக்கமான உடை போட வேண்டும். ஒன்றரை மாதத்துக்கு மூட்டை தூக்குவது, குடம் தூக்குவது கூடாது. தினக்கூலிக்கு போகிறவர்கள் இதை முதலில் கணக்கு பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி செலவை விட வேலைக்கு போகாத நாட்கள் தான் வீட்டை உலுக்கும்.

அவசரம் ஆபத்து

இரைப்பை ஆபரேசன் செய்தவர்கள் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை பொறுக்க வேண்டும். எடை இறங்குவது நின்று, 3 முதல் 6 மாதம் வரை ஒரே அளவில் நிற்க வேண்டும். அதற்குள் வெட்டினால் மறுபடி இளைத்து மறுபடி தோல் தொங்கும். குழந்தை பெற நினைக்கும் பெண்கள் பிரசவத்துக்கு பிறகு செய்வதே நல்லது. குறைவாக சாப்பிட்டு இளைத்தவர்களுக்கு ரத்தம், புரதம், இரும்பு, பி-12 வைட்டமின் குறைந்து இருக்கும். அதை சரி செய்யாமல் கத்தி வைத்தால் தையல் பிரியும். பீடி, சிகரெட்டை குறைந்தது ஒரு மாதம் முன்பே விட வேண்டும். விடாதவர்களுக்கு தைத்த இடத்தில் தோல் கருகிப்போவது உண்டு. காலில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைப்பது தான் பெரிய ஆபத்து. அதனால் தான் மறுநாளே எழுந்து நடக்க சொல்கிறார்கள்.

பலர் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று. இரைப்பையை சுருக்குவது வேறு, குழாய் விட்டு கொழுப்பை உறிஞ்சுவது வேறு, தொங்கும் தோலை வெட்டுவது வேறு. கொழுப்பை உறிஞ்சினால் தொங்கும் தோல் ஏறாது, இன்னும் தொங்கத்தான் செய்யும்.

மூன்றுமே விளையாட்டு இல்லை. 2024 ஏப்ரலில் புதுச்சேரியை சேர்ந்த 26 வயது வாலிபர், சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடை குறைப்பு ஆபரேசனுக்கு சேர்ந்து உயிர் இழந்தார். சுகாதாரத்துறை விசாரித்து அந்த ஆஸ்பத்திரியின் உரிமத்தை தற்காலிகமாக ரத்து செய்தது. 2022 மே மாதம் பெங்களூரில் கன்னட டி.வி. நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கும் ஆபரேசனுக்கு பிறகு இறந்தார். அவருக்கு வயது 21. தமிழில் 'பம்பரக் கண்ணாலே' படத்தில் நடித்த ஆர்த்தி அகர்வால், கொழுப்பு நீக்கும் ஆபரேசன் செய்து கொண்ட சில வாரங்களில் 2015 ஜூனில் அமெரிக்காவில் இறந்தார்.

அதனால் அழகு நிலையம் மாதிரி போர்டு மாட்டிய இடங்களில் போய் படுக்கக்கூடாது. டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். படித்தவரா, தீவிர சிகிச்சை பிரிவு அங்கேயே இருக்கிறதா, மயக்க மருந்து டாக்டர் யார் என்று கேட்க கூச்சமே வேண்டாம்.

எங்கே காட்டலாம்?

கண்டமங்கலம், வளவனூர் பகுதி மக்கள் புதுச்சேரிக்கு பஸ் ஏறினால் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. அங்கு பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உள்ளது. சென்னையில் ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. போகும்போது பழைய எடை சீட்டு, புண்ணுக்கு சாப்பிட்ட மருந்து சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போக வேண்டும். "வயிறு அசிங்கமா இருக்கு" என்று மட்டும் சொல்லாமல் புண்ணை காட்ட வேண்டும். குடலிறக்கம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

மெடிக்கல் இன்சூரன்ஸ் வைத்து இருப்பவர்களுக்கும் இதே விதி தான். அழகுக்கான ஆபரேசனுக்கு பணம் கிடைக்காது. உடம்புக்கு நேரடி ஆபத்தை நீக்க இது தேவை என்று சிகிச்சை அளிக்கும் டாக்டர் எழுத்தில் சான்று கொடுத்தால் கேட்க வழி இருக்கிறது. அந்த சான்றை ஆபரேசனுக்கு முன்பே வாங்கி, கம்பெனியிடம் அனுமதியும் எழுத்தில் பெற்ற பிறகு தான் தேதி குறிக்க வேண்டும்.