தாதை அரைக்கும் தண்டு ஆலை

மா இடிக்கிற வீட்டில் உரலும் உலக்கையும் மட்டும் இருந்தால் போதாது, அரிதட்டும் வேண்டும். இடித்ததை அரித்து, மாவை ஒதுக்கிவைத்து, கப்பியை மட்டும் திரும்ப உரலில் போடுவது நமது பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை. மாவாகிவிட்டதை மேலும் இடித்தால் உழைப்புத்தான் வீண். உலோகத் தாதுக்களை அரைக்கும் தொழிலில் நட்டம் அதோடு நிற்பதில்லை. அளவுக்கு மீறி அரைத்தால் தேடிவந்த உலோகமே கைநழுவிப் போய்விடும்.

தாதை ஏன் அரைக்க வேண்டும்? புல்மோட்டைக் கடற்கரையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே இல்மனைற்றும் ரூட்டைலும் சிர்க்கோனும் தனித்தனி மணலாகவே கிடக்கின்றன. பாறையை நொறுக்கும் வேலையை இயற்கை எப்போதோ முடித்துவிட்டது. பிரித்தெடுத்தால் சரி. ஆனால் கெட்டிப் பாறைக்குள் இருக்கும் வெள்ளீயத் தாது அப்படியல்ல. அது குவாட்ஸ் போன்ற பயனற்ற கல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒட்டு விடும்வரை அரைத்தாக வேண்டும்.

ஒட்டு விட்டபின் பிரிப்பது எளிது. வெள்ளீயத் தாது தண்ணீரைப் போல் ஏறக்குறைய 7 மடங்கு பாரமானது, குவாட்ஸ் 2.65 மடங்குதான். ஓடும் நீரில் இரண்டையும் விட்டால் பாரமானது கீழே தங்கும், இலேசானது அடித்துச் செல்லப்படும். சிக்கல் என்னவெண்டால், வெள்ளீயத் தாது எளிதில் நொறுங்கும் தன்மையுள்ளது. அரைக்க அரைக்க அது சேறுபோல் நுண்ணிய தூளாகிவிடும். அந்தத் தூள் எவ்வளவு பாரமான பொருளானாலும் நீரில் அடங்காது. கழிவோடு கழிவாகப் போய்விடும்.

இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதி இதற்குச் சாட்சி. 19ஆம் நூற்றாண்டில் அங்கே இரும்புத் தலை பொருத்திய பெரிய உலக்கைகளை நீர்ச்சக்கரத்தாலும் நீராவியாலும் தூக்கிப் போட்டு வெள்ளீயத் தாதை இடித்தார்கள். கம்போர்ன் சுரங்கங்களின் கழிவு கலந்து ஓடிய ஆற்றுக்கு அதன் நிறத்தால் ‘செவ்வாறு’ என்றே பெயர். சுரங்கங்கள் தவறவிட்ட வெள்ளீயத்தை அந்த ஆற்றோரத்தில் அரித்தெடுத்தே பலர் தலைமுறைகளாகப் பிழைத்தார்கள். மேலே இருந்தவர்களின் நட்டம் கீழே இருந்தவர்களின் சீவியமானது.

இந்த நட்டத்தைக் குறைக்க உதவியதுதான் ‘றொட் மில்’ எனப்படும் தண்டு ஆலை. படுக்கையாகச் சுழலும் ஓர் உருக்கு உருளை. நீளம் அதன் விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு. உள்ளே, அதன் நீளத்துக்குச் சற்றுக் குறைவான உருக்குத் தண்டுகள் வரிசையாகக் கிடக்கும். புதிய தண்டொன்றின் தடிப்பு பொதுவாக 50 முதல் 100 மில்லிமீற்றர். உருளையின் கொள்ளளவில் 35 முதல் 45 வீதத்தைத் தண்டுகளே நிரப்பும். தாதும் தண்ணீரும் ஒரு முனையால் போகும். அரைபட்ட கூழ் பெரும்பாலும் மறுமுனையால் வெளியேறும். 50 மில்லிமீற்றர் வரையான கல்லை இது பருமணலாக்கித் தரும்.

சூட்சுமம் தண்டுகளின் வடிவத்தில் இருக்கிறது. இரும்பு உருண்டைகள் போட்ட ஆலையில் உருண்டைகள் ஒன்றையொன்று ஒரு புள்ளியில்தான் தொடும். தண்டுகள் நெடுகிலும் ஒரு கோடாகத் தொடும். இரண்டு தண்டுகளுக்கிடையே ஒரு பெரிய கல் அகப்பட்டால் அது அவற்றை விலக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் சிறு துகள்கள் நசுங்காமல் தப்பிவிடும். பெரியது முதலில் உடைபடும், சிறியது அநேகமாகச் சும்மா கடந்து போகும். அதாவது, உரலும் அரிதட்டும் ஒரே உருளைக்குள் இருப்பது மாதிரி. நொறுங்கும் தன்மையுள்ள வெள்ளீயம், டங்ஸ்டன் தாதுக்களுக்கு இதை விரும்பித் தெரிவு செய்ததன் காரணம் இதுதான்.

ஆனால் தண்டுகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகக் கிடந்தால் மட்டுமே இதெல்லாம் நடக்கும். 3 மீற்றர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு ஏறக்குறைய 25 தடவை சுழன்றால் தண்டுகள் விழாமல் சுவரோடு ஒட்டியே சுற்றத் தொடங்கும். ஆகவே அந்த வேகத்தின் 50 முதல் 65 வீதத்துக்குள்தான் ஓட்டுவார்கள். உருளையின் நீளம் விட்டத்தைவிடப் போதிய அளவு கூடுதலாக இல்லாவிட்டால் தண்டு குறுக்கே திரும்பிச் சிக்கிக்கொள்ளும். தண்டு 6 மீற்றரை மீறி நீண்டால் வளைந்துவிடும். தேய்ந்து மெலிந்த தண்டை நேரத்துக்கு எடுக்காவிட்டால் அது முறிந்து மற்றவற்றையும் சிக்கலாக்கும். பிறகு ஆலையை நிறுத்தி, ஆட்கள் உள்ளே இறங்கி அந்த இரும்புச் சிக்கலை வெட்டி எடுக்க வேண்டும். அது ஆபத்தான வேலை.

1970களின் பின்னர், பெரிய கற்களையே நேரடியாக எடுத்து அரைக்கும் பிரம்மாண்ட ஆலைகள் வந்து செப்பு, தங்கச் சுரங்கங்களில் தண்டு ஆலையின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. ஆனாலும் மிகைத்தூள் ஆகக்கூடாத இடங்களில் அதற்கு இன்றும் வேலை இருக்கிறது. பருமனாக நின்றுவிட்ட கல்லை இன்னொரு தடவை அரைத்துக்கொள்ளலாம்; ஒருமுறை சேறாகிப்போன தாதைத் திரும்ப மணலாக்க எந்த இயந்திரமும் இல்லை.